காருக்குள் ஊதும் காற்று எங்கே போகிறது

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் காரைக் கழுவி முடித்ததும் ஏர் கன்னை எடுத்து உட்புறம் முழுவதும் ஊதிவிடுவது வழக்கம். டயருக்குக் காற்றுப் பிடிக்கும் அதே கம்ப்ரசர், அதே ஹோஸ், பெரும்பாலும் அதே அழுத்தம். புழுதி கிளம்புவது கண்ணுக்குத் தெரிவதால் வண்டி சுத்தமாகிறது என்ற நிறைவு உரிமையாளருக்கும் ஏற்படுகிறது. ஆனால் அவ்வாறு கிளம்பிய புழுதியில் திறந்திருக்கும் கதவு வழியாக வெளியேறுவது ஒரு பகுதிதான். மீதி, கூரைத் துணியிலும் சீட்டின் தையல்களிலும் ஏசி துவாரங்களுக்குள்ளும் போய்த் தங்கி, வண்டி ஓடத் தொடங்கியதும் மெல்ல மெல்ல டேஷ்போர்டின் மேல் படலமாக இறங்குகிறது.

அழுத்தக் காற்றால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று: ஓரிடத்தில் இருக்கும் தூசியையோ நீரையோ அது வேறோர் இடத்துக்குத் தள்ளும். விரலும் துணியும் நுழையாத இடுக்கில் கிடப்பதை, துணியோ வாக்குவம் கிளீனரோ எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது, பல ஆண்டுகளாக என் வீட்டுக் கார்களை நானே பராமரித்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. ஊதுவதற்கு முன்பே, ஊதப்படுவது எங்கே போய்ச் சேரும், அங்கே அதைப் பிடிக்க என்ன வைத்திருக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இருக்க வேண்டும். இந்த ஒழுங்கோடு செய்தால் ஏர் கன்னைப் போல் பயனுள்ள கருவி கார் பராமரிப்பில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

முதலில் அழுத்தம். வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் கம்ப்ரசர்கள் தொட்டியில் 8 பார் (‘பார்’, ‘பிஎஸ்ஐ’ இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்), அதாவது சுமார் 116 பிஎஸ்ஐ வரை காற்றை அடைத்து வைக்கின்றன. அந்த அழுத்தத்தை அப்படியே திறந்துவிட வேண்டிய தேவை கார் உட்புறத்தில் எங்குமே இல்லை. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள், சுத்தம் செய்வதற்குப் பயன்படும் காற்றின் அழுத்தம், காற்று வெளிவரும் முனையான நாசிலின் வாய் அடைபட்ட நிலையிலும் 30 பிஎஸ்ஐக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்கின்றன. அது ஏறத்தாழ 2 பார். தொழிலாளியின் உடலைக் காப்பதற்காக வகுக்கப்பட்ட இந்த அளவு காரின் உட்புறத்துக்கும் பொருத்தமாக இருப்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். கூரைத் துணி பசையால் ஒட்டப்பட்டது. கதவு ரப்பர் பீடிங்கின் ஓரங்களும் ஸ்டிக்கர்களும் அப்படியே. 6, 7 பாரில் அருகில் வைத்து ஊதினால் அவற்றின் விளிம்பு தூக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

“அழுத்தத்தைக் குறைச்சா தூசி எப்படி சார் போகும்?” என்று, நான் வழக்கமாகச் செல்லும் இடத்தில் வேலை செய்யும் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். தூசியை நகர்த்துவது, அது கிடக்கும் இடத்தைத் தொடும்போது காற்றுக்கு இருக்கும் வேகம். நாசிலிலிருந்து விலக விலக அந்த வேகம் மிக விரைவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே 7 பாரில் ஒரு கை தூரத்திலிருந்து ஊதுவதைவிட, 2 பாரில் நான்கு விரல் இடைவெளியில், சாய்வாகப் பிடித்து ஊதும்போது இடுக்கிலுள்ள தூசி நன்றாகவே வெளிவரும். அது வண்டி முழுவதும் சிதறாமல் நாம் காட்டும் பக்கமாக நகரும். அவருடைய ஏர் கன்னிலேயே ரெகுலேட்டரைக் குறைத்து கியர் லீவரின் அடிப்பகுதியை ஊதிக் காட்டியபின் அவரும் ஒப்புக்கொண்டார்.

அழுத்தத்தைக் குறைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு குதிரைத்திறன் கொண்ட சிறிய கம்ப்ரசர் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் காற்றைத்தான் உள்ளே இழுத்து அடைக்க முடியும். 2 மில்லிமீட்டர் துளையுள்ள நாசிலை 6 பாரில் தொடர்ந்து திறந்து வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 250 லிட்டர் காற்று வெளியேறும். தொட்டி 50 லிட்டர் கொள்ளளவு உடையதாக இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் சரிந்து மோட்டார் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அதே நாசிலை 2 பாரில் வைத்தால் செலவு 100 லிட்டரை ஒட்டி இறங்கிவிடுகிறது. கம்ப்ரசரும் வேலைக்கு ஈடுகொடுக்கிறது. சுழலும் குழாயும் சோப்புக் கிண்ணமும் கொண்ட ‘டொர்னடார்’ வகைத் துப்பாக்கிகளை வீட்டுக் கம்ப்ரசரில் மாட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். அவை 6 பார் அளவில் இடைவிடாத காற்றைக் கேட்பவை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய டயர் பம்புகளோ இந்த வேலைக்கே ஆகாதவை. அவை அழுத்தம் தரும். காற்றின் அளவு போதாது.

சென்னை போன்ற கடலோர ஊரில் அழுத்தத்தைக் காட்டிலும் தொல்லை தருவது காற்றிலுள்ள ஈரம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி கலந்திருக்கும். அந்தக் காற்றை 8 பாருக்கு அழுத்தும்போது அதன் பருமன் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அவ்வளவு சிறிய இடத்தில், ஆறிய பிறகு, மூன்று நான்கு கிராம் நீராவிதான் நீராவியாகவே நிற்க முடியும். மீதி 20 கிராம் அளவுக்கு நீராக மாறித் தொட்டியின் அடியில் தேங்குகிறது. நான் சொன்ன சிறிய கம்ப்ரசர் அரை மணி நேரம் ஓடினால் 60 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும் கணக்கு இது. மழைக்காலத்தில் வடிகால் திருகைத் திறப்பவர்கள் துருநிறத் தண்ணீர் பீறிட்டு வருவதைக் கண்ணாலேயே காணலாம்.

அந்தத் தண்ணீரை வடிக்காமல் விட்டால் அது ஏர் கன் வழியாக, துருவின் நிறத்தோடு, துணிச் சீட்டின் மேலும் விளக்குகளின் மின் இணைப்புகளின் மேலும் வந்து விழும். ஆகவே வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிப்பது கட்டாயம். தொட்டிக்கு உள்ளிருந்து துரு பிடித்து இரும்பு மெலிந்துபோவதையும் அதுவே தாமதப்படுத்துகிறது. அழுத்தம் நிறைந்த தொட்டி வெடிப்பது உயிருக்கே ஆபத்தான விபத்து. நீர் பிரிப்பானைக் கம்ப்ரசரின் வாயிலேயே பொருத்துவது பலருடைய வழக்கம். அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் நீராவி அதைக் கடந்துபோய், ஹோஸுக்குள் ஆறும்போதுதான் நீராகிறது. ஹோஸின் மறுமுனையில், ஏர் கன்னுக்கு அருகில் பொருத்தினால்தான் பிரிப்பானுக்கு வேலை இருக்கும்.

எண்ணெயும் இப்படிப்பட்டதே. பட்டறைகளில் இருக்கும் பிஸ்டன் கம்ப்ரசர்களில் பெரும்பாலானவை எண்ணெய் ஊற்றி ஓட்டப்படுபவை. பிஸ்டன் வளையங்கள் தேயத் தேய எண்ணெய்த் துளிகள் காற்றோடு கலந்து வருகின்றன. ஒரு வெள்ளைத் தாளின் மேல் அரை நிமிடம் ஊதிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தாளில் மஞ்சள் புள்ளி விழுமானால் அந்தக் காற்றை இன்டீரியருக்குப் பயன்படுத்தக் கூடாது. பாலிஷ் முடித்து செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சுப் போடப்போகும் பெயின்ட்டின் அருகில் கொண்டுவரவே கூடாது, எண்ணெய் பட்ட இடத்தில் கோட்டிங் ஒட்டாது. வீட்டுக்கு வாங்குபவர்கள் எண்ணெய் தேவைப்படாத வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்றாலும், அந்தக் காற்றை நம்பலாம்.

அழுத்தக் காற்றின் முழு மதிப்பும் தெரிவது, காரைக் கழுவிய பின் வெளிப்புறத்தை உலர்த்தும்போதுதான். சென்னையின் தென் புறநகரில் எங்கள் பகுதியில் கிடைப்பது போர் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது. கழுவிய வண்டியை வெயிலில் விட்டால் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும். அகன்ற பரப்புகளில் நிற்கும் நீரை மைக்ரோஃபைபர் துண்டால் எடுத்துவிடலாம். அதில் சிக்கல் இல்லை. சைடு மிரரின் கூட்டுக்குள்ளும், கதவுக் கைப்பிடிக்குப் பின்னாலும், கண்ணாடியின் கீழ்ப் பீடிங்கிலும், பின்பக்க நம்பர் பிளேட்டின் பின்னும், கம்பெனி எம்பளத்தின் எழுத்துகளுக்கிடையிலும் ஒளிந்திருக்கும் நீர்தான் பிரச்சினை. எல்லாம் துடைத்து முடித்து வண்டியை எடுத்த பிறகு அது கோடுகோடாக வழிந்து, காய்ந்து, கறுப்பு வண்டியில் பளிச்சென்று தெரிகிறது.

அதனால் துடைப்பதற்கு முன்பே ஊத வேண்டும் என்பதை விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறேன். கூரையின் ஓரத்திலுள்ள பள்ளத்தில் தொடங்கி, முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், மிரர்கள், கைப்பிடிகள், பெட்ரோல் மூடியின் உட்புறம், விளக்குகளுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள கோடு, டிக்கியின் விளிம்பு, கடைசியாகச் சக்கரங்களின் நட்டுக் குழிகள் என்று மேலிருந்து கீழாக இறங்குகிறேன். இடுக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்வாக ஊதி, நீர் வெளிவரும் இடத்தில் மறுகையில் துண்டைப் பிடித்திருக்க வேண்டும். நேராக உள்ளே ஊதினால் நீர் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். வெளிப்புறத்துக்கு 3 பார் வரை ஏற்றுவதுண்டு. அதற்குப் பக்கத் துளைகள் உள்ள பாதுகாப்பு நாசிலைத்தான் பயன்படுத்துகிறேன், நுனியில் ரப்பர் உறையோடு. பித்தளை நுனி ஒருமுறை உரசினாலும் பெயின்ட் போய்விடும். பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும். ஹோஸைத் தோளின் மேலாகப் பின்பக்கம் விட்டுக்கொண்டால் அது கதவில் உராய்வதையும் தவிர்க்கலாம். உலர்ந்த புழுதி படிந்த வண்டியைக் கழுவாமல் ஊதி மட்டும் விட்டுவிட்டு, எஞ்சியதைத் துணியால் துடைப்பது, பெயின்ட்டில் வட்டக் கீறல்களை வரவழைக்கும் வழி. ஒட்டியிருக்கும் மணலை அகற்றத் தண்ணீரும் ஷாம்பூவுமே வேண்டும்.

இன்டீரியரில் என் முறை இது. எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் திறந்து, ஏசி ஃபேனை நிறுத்தி, தரை விரிப்புகளை வெளியே எடுத்து, முதலில் வாக்குவத்தால் தெரிகிற குப்பையை உறிஞ்சிவிடுகிறேன். அதன் பிறகுதான் ஏர் கன். ஒரு கையில் வாக்குவம் குழாய், மறுகையில் ஏர் கன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க, நடுவில் அந்த இடுக்கு. சீட்டுத் தண்டவாளங்கள், சீட்டின் அடிப்பகுதிக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள பிளவு, சீட் பெல்ட் கொக்கியின் வாய், கியர் லீவரைச் சுற்றியுள்ள மடிப்பு, பவர் விண்டோ பொத்தான்களின் ஓரம் ஆகியவற்றில் இந்த இரட்டைக் கை முறைக்கு ஈடு எதுவும் இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக் காரின் சீட்டுப் பிளவிலிருந்து மிக்சரும் பிஸ்கட் தூளும் வெளிவந்து குழாய்க்குள் போவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் நிறைகிறது. இருவராகச் செய்தால் இன்னும் எளிது.

ஏசி துவாரங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றுக்குள் நேராக ஊதினால் தூசி குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய், ஏசியின் குளிர்க் கம்பிச்சுருளான எவாபரேட்டரில் படியும். ஏசி ஓடும்போது அது எப்போதும் நனைந்திருப்பது. ஈரத்தில் படிந்த தூசிதான் சில கார்களில் ஏசி போட்டதும் வரும் ஊறல் நாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. எனவே துவாரத்தின் தகடுகளை மென்மையான பிரஷால் தட்டி, அவற்றின் குறுக்காக மட்டும் மெல்ல ஊதி, வாக்குவத்தை ஒட்டிப் பிடித்து உறிஞ்சிக்கொள்வதே முறை. ஸ்பீக்கர் வலையின் மேலும் நேராக ஊத வேண்டாம். உள்ளிருக்கும் கூம்பு மெல்லியது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பைக் கண்டால் அது ஏர்பேக்குக்குரியது. காற்றாலோ கையாலோ அதை அசைக்காமல் விலகிப் போவது நல்லது.

பானட்டைத் திறந்தால் இன்னும் கவனம் கூட வேண்டும். ஏர் ஃபில்டரை ஊதித் தரும் பழக்கம் நம் பட்டறைகளில் ஊறிப்போனது. காகித ஃபில்டரில் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்தை நோக்கி, குறைந்த அழுத்தத்தில், விலகி நின்று ஊத வேண்டும். அழுக்கான பக்கத்திலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் இறுகிப் பதியும், அருகில் ஊதினால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். கிழிந்த ஃபில்டர் வழியாக எஞ்சினுக்குள் போகும் மணலின் விலையோடு ஒப்பிட்டால் புது ஃபில்டரின் விலை ஒன்றுமே இல்லை என்பதால், மாற்றும் கெடு வந்தபின் ஊதிப் போடுவதை நான் ஏற்பதில்லை. வண்டிக்குள் வரும் ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டருக்கும் அப்படியே. ஃபில்டர் பெட்டிக்கு அடுத்து இருக்கும் காற்றோட்ட சென்சாருக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பி இருக்கலாம்; அதன் பக்கம் ஏர் கன்னைத் திருப்பவே கூடாது. முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் ஆகியவற்றின் மென்தகடுகளில் சிக்கிய பூச்சிகளையும் புழுதியையும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, தகடுகளுக்கு நேராக, மெல்ல ஊதினால் வெளிவரும். சாய்த்து ஊதினால் தகடுகள் மடங்கிக் காற்றோட்டம் அடைபடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதன் குழியை ஊதிச் சுத்தம் செய்வது, அங்கே கிடக்கும் மணல் சிலிண்டருக்குள் விழாமல் தடுக்கும் அருமையான பழக்கம். நல்ல மெக்கானிக்குகள் இதைத் தவறாமல் செய்கிறார்கள்.

மரத்தடியில் நிற்கும் வண்டிகளுக்கு வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பள்ளம் முக்கியமானது. வேப்பிலையும் புங்கம்பூவும் அங்கேதான் சேர்கின்றன. மழைநீர் வடியும் துளைகளும், பல கார்களில் ஏசிக்குக் காற்று போகும் வழியும் அங்கேயே இருப்பதால், அது அடைபட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் முன்சீட்டுக் காலடியில் வந்து நிற்கும். இலைகளைக் கையால் அள்ளி, வாக்குவத்தால் உறிஞ்சிய பிறகே ஊத வேண்டும். எடுத்த எடுப்பில் ஊதினால் மட்கிய இலைத்தூள் வடிகால் துளைக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். சன்ரூஃப் உள்ள கார்களின் வடிகால் குழாய்களை அழுத்தக் காற்றால் ஊதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே தூண்களுக்குள் ஓடும் அந்தக் குழாயின் இணைப்பு அழுத்தத்தில் கழன்றுவிட்டால், கூரையில் விழும் மழை நேராக வண்டிக்குள்ளேயே வடியும். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் இழையை உள்ளே விட்டு அடைப்பை எடுப்பதே பாதுகாப்பு.

ஊதவே கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று, பிரேக் தூசி. அதில் உலோகத் துகள்கள் உண்டு. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்து ஊதுபவர் அதை நேராகத் தம் நுரையீரலுக்குள் அனுப்புகிறார். நனைத்துக் கழுவுவதுதான் சரி. மற்றொன்று, பானட்டுக்குள் எலி கூடு கட்டிய இடம். எலியின் சிறுநீரும் எச்சமும் நோய் பரப்புபவை. எலிக்காய்ச்சல் நமக்கு அந்நியமானதன்று. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கித் துணியால் அள்ளி எடுக்க வேண்டும்.

ஊதும்போதெல்லாம் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதை நான் தளர்த்துவதே இல்லை. சீட்டுத் தண்டவாளத்திலிருந்து திரும்பி வரும் மணல் துகள் கண்ணைத் தேடி வருவதுபோல் வரும். சட்டையில் படிந்த தூசியை ஏர் கன்னால் ஊதிக்கொள்வதும், விளையாட்டுக்காக அடுத்தவர் மேல் திருப்புவதும் பட்டறைகளில் சாதாரணமாகிவிட்டன. தோலிலுள்ள சிறு காயம் வழியாகவும் காற்று உடலுக்குள் புகுந்துவிடும். விளையாட்டாக உடலுக்குள் காற்றைச் செலுத்தி உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. சின்னப் பையன்கள் வேலை பழகும் இடங்களில் மூத்தவர்கள் இதைக் கண்டிப்புடன் சொல்லித்தர வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வீட்டில் ஒரே கார்தான், மாதம் ஓரிரு முறை கழுவுவதற்காகத்தான் கேட்கிறோம் என்று சொல்பவர்களுக்குக் கம்ப்ரசரை நான் முதலில் பரிந்துரைப்பதில்லை. கையில் பிடிக்கும் 500, 600 வாட் மின் புளோயர் அழுத்தம் குறைந்த, ஆனால் அளவு மிகுந்த காற்றைத் தருகிறது. தொட்டி இல்லாததால் அதில் நீர் தேங்காது, எண்ணெய் கலக்காது. பானட், கூரை, கதவு போன்ற அகன்ற பரப்பில் நிற்கும் நீரை ஓட்டுவதில் அது ஏர் கன்னைவிட வேகமானது. தரையில் வைத்து இயக்கினால் தரைப் புழுதியை உறிஞ்சி வண்டியின் மேலேயே வீசும் என்பதால் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரமான இடத்தில் மின்கருவியைப் பயன்படுத்துவதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள இணைப்பில் மட்டுமே செருக வேண்டும்.

பாலிஷ் வேலையிலும் இறங்குபவர்களுக்குக் கம்ப்ரசர் தேவைப்படும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பாலிஷ் மெஷினின் ஃபோம் பேடில் சேர்ந்த காம்பவுண்டை, அதாவது பாலிஷ் பசையை, ஊதி வெளியேற்றாவிட்டால் பேட் இறுகி, வெட்டும் திறனும் குறைந்து, சூடும் ஏறும். அப்போதும் பேடை வண்டிக்கு எதிர்ப்புறமாகத் திருப்பித்தான் ஊத வேண்டும். நம் பக்கத்தில் கம்ப்ரசர் வாங்க வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 1960-ல் தொடங்கப்பட்ட, கம்ப்ரசர் தயாரிக்கும் எல்ஜி (ELGi) நிறுவனத்தின் ஊரான கோயம்புத்தூரில் சிறிதும் பெரிதுமாகப் பல தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உதிரி பாகங்களும் பழுது பார்ப்பவர்களும் கிடைப்பதே பெரிய வசதி. வாங்கும்போது தொட்டியின் லிட்டரை மட்டும் கேட்காமல், 6 பாரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளிவரும் என்று கேளுங்கள். ரெகுலேட்டர், நீர் பிரிப்பான், ரப்பர் நுனியுள்ள பாதுகாப்பு நாசில் ஆகிய மூன்றையும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள். வடிகால் திருகு, குனிந்து கைவிட்டுத் திறக்க வசதியான இடத்தில் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாத இடத்தில் இருக்கும் திருகை யாரும் திறப்பதில்லை.